பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு: குமரி மாவட்டப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், சுற்றுலாப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் சுற்றுலா நோட்டீஸ் வரும். ஊட்டிக்கும் மைசூருக்கும் கொச்சிக்கும் போகிற பள்ளிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சென்னைக்குப் போகலாம் என்று முடிவெடுக்கிற பள்ளிகளுக்குத்தான் இந்த மடல். நான் தக்கலைப் பக்கத்தில் இருக்கிற ஒரு பெற்றோர். படிப்பு முடிந்ததும் வேலை தேடிப் போய், திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆரம்பித்து, பல வருடம் சென்னையில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமையானால் கால் போன போக்கில் ஊரைச் சுற்றுவேன். அந்த ஊர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். நம் பிள்ளைகளும் அதைப் பிரியத்தோடு பார்த்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் என் மகளும் பள்ளிச் சுற்றுலாவில் சென்னைக்குப் போனாள். சாயங்காலம் பஸ் கிளம்பியது. கலர் லைட்டும் ஸ்பீக்கரும் வைத்த பஸ். விடிய விடியப் பாட்டும் ஆட்டமும். மறுநாள் தூக்கம் கண்ணைச் சொருக, கேளிக்கைப் பூங்கா ஒன்றில் பகல் முழுக்கப் போயிற்று. அடுத்த நாள் நோட்டீசில் இருந்த இடங்களின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீளும். அதில் பாதியைப் பஸ் ஜன்னல் வழியாகவே காட்டினார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனபோது கேட் பூட்டிக் கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதை யாரும் முன்கூட்டியே விசாரிக்கவில்லை. அப்புறம் ஒரு மாலில் மூன்று மணி நேரம். திரும்பி வந்தவளிடம் சென்னை எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு, ஆனா ஒரே டிராஃபிக்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குக் காட்டியது அதுதான்.

ஆசிரியர்களின் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஐம்பது அறுபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியூரில் இருப்பது லேசுப்பட்ட காரியமா? ஒரு பிள்ளைக்கு வாந்தி, இன்னொரு பிள்ளைக்குச் செருப்பு அறுந்துவிடும், பெற்றோர் போன் மேல் போன். ஆகவே டிராவல்ஸ்காரர் நீட்டுகிற திட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறோம். அந்தத் திட்டம் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துக்கும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கு என்று அதில் தனியாக ஒன்றுமிருக்காது. என் வருத்தம் அங்கேதான்.

ஏனென்றால் சென்னை நமக்குச் சும்மா வந்த தலைநகரம் இல்லை. மற்ற மாவட்டங்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் காலத்திலிருந்தே சென்னையோடு இருந்தவை. நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரம், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதை விட்டுவிட்டு எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற சென்னைதான் வேண்டும் என்று நம் தாத்தா பாட்டி காலத்தவர்கள் கேட்டார்கள். மார்ஷல் நேசமணி முன்னால் நின்றார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலருடைய உயிர் போயிற்று. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நவம்பர் 1 லீவு என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த லீவுக்குப் பின்னால் இருக்கிற ஊரை அவர்கள் ஒரு தடவையாவது ஆற அமரப் பார்க்க வேண்டாமா?

அதனால் முதல் வேண்டுகோள்: நமக்குப் பக்கத்திலேயே கிடைப்பதைச் சென்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீரில் ஆட திற்பரப்பு அருவி இருக்கிறது. மால் பார்க்க ஆசைப்பட்டால் திருவனந்தபுரம் போதும். மிருகக்காட்சி சாலையும் அங்கே இருக்கிறது, அதுவும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழையது. வண்டலூர் நல்ல இடம்தான், ஆனால் அதற்கே ஒரு முழுநாள் வேண்டும். இரண்டு நாள் பயணத்தில் அது கட்டுப்படியாகாது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று ஓரிடம். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அழகாக நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இருந்தாலும் பத்மநாபபுரம் அரண்மனையின் தேக்கு உத்தரங்களுக்குக் கீழே ஓடியாடிய பிள்ளைகளுக்கு அது அவ்வளவு அவசரமில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போகலாமா என்றும் யோசியுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்பி விடியற்காலை எழும்பூரில் விடுகிறது. மேற்குப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸ் குழித்துறையிலும் இரணியலிலும் நிற்கும். பிள்ளைகள் படுத்துத் தூங்கிவிட்டு வருவார்கள். கழிப்பறை உண்டு என்பது பெண் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஆசிரியைகளைக் கேட்டால் சொல்வார்கள். ரயில்வேயில் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எழும்பூரில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நடந்தே அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம். ஒரு நாளின் பெரும்பகுதியை அதற்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முதலில் விலங்கியல் பக்கத்தில் இருக்கிற திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் பிள்ளைகளின் அப்பாவும் மாமாவும் ஆழ்கடலுக்குச் சுறா வேட்டைக்குப் போகிறவர்கள். திமிங்கலத்தைக் கடலில் பார்த்த கதையை அந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். அந்த எலும்புக்குக் கீழே நிற்கும்போது வகுப்புக்கே பாடம் எடுக்கப் போவது அவர்கள்தான். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே போதும்.

அப்புறம் செப்புத் திருமேனிகள் இருக்கிற கூடம். அங்கே சிலை சிலையாக வேகமாய்த் தாண்டிப் போவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஒரே ஒரு சிலை முன்னால் பிள்ளைகளை உட்கார வையுங்கள். நான் சிபாரிசு செய்வது திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. "எத்தனை கை இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். மூன்று கை. சிவனாக இருக்கிற வலப்பக்கம் இரண்டு, அம்மையாக இருக்கிற இடப்பக்கம் ஒன்று. ஏன் இப்படி என்று பிள்ளைகளே கேட்பார்கள். பிறகு இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நேராக இறங்குகிறது, மறுபக்கம் ஒடிந்து வளைகிறது. தோள் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் சரிவு. உடையும் நகையும் நடுக்கோட்டில் வந்ததும் மாறிவிடுகின்றன. ஆனால் எட்டி நின்று பார்த்தால் ஒரே ஆள்தான் நிற்கிறார், ஒட்டுப்போட்ட மாதிரி எங்கும் தெரியாது. மெழுகில் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தது. ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான் கிடைக்கும், மண் அச்சை உடைத்தால்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். இவ்வளவையும் சொல்ல அரைமணி நேரம் ஆகும். ஆகட்டுமே.

ஆதிச்சநல்லூர் நமக்கு அதிக தூரமில்லை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்பினால் வந்துவிடும். அங்கே அலெக்சாண்டர் ரீ நூறு வருடத்துக்கும் முன்னால் அகழ்ந்தெடுத்த பொருட்கள் வந்து சேர்ந்தது இந்த அருங்காட்சியகத்துக்குத்தான். அமராவதிச் சிற்பங்களும் இங்கே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம்.

அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. நாகர்கோவிலில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்த கவிதைப் புத்தகத்துக்கும் இங்கே ஓரிடம் உண்டு என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் முகம் மாறுவது தெரியும். நேரமிருந்தால் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் போகலாம். 2010-ல் கட்டியது. குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பார்வையற்றவர்களுக்கு பிரெயில் பகுதியும் இருக்கிறது. ஆனால் அங்கே போனால் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளை உட்கார்ந்து படிக்க விடவேண்டும். வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வரிசையாகத் திரும்புவதென்றால் போகாமலே இருக்கலாம்.

இனி மெரினா. கடலைப் பார்க்கக் குமரியிலிருந்து சென்னைக்கா என்று சில பெற்றோர்கள் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். சூரியன் உதிப்பதையும் மறைவதையும் ஒரே ஊரில் பார்க்கிறவர்கள் நாம். அலைக்காகவும் மணலுக்காகவும் மெரினாவுக்குப் போகச் சொல்ல மாட்டேன். அந்த மணல் எப்படி வந்தது என்று பார்க்கத்தான் போகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அங்கே இவ்வளவு அகலமான கடற்கரை கிடையாது. இன்றைய சாலைக்கு வெகு அருகிலேயே அலை அடித்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் கரை சேர்ப்பார்கள். 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். கடலுக்குள் கல் சுவர் நீண்டது. அந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் வந்ததும் வழி மறிபட்டு, மணல் தென்பக்கம் சேர ஆரம்பித்தது. அதுதான் மெரினா. 1880-களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, அந்தப் பெயரையும் வைத்தார். சரி, வடக்கே போயிருக்க வேண்டிய மணல் போகவில்லையே, அந்தப் பக்கம் என்ன ஆயிற்று? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. இன்றைக்கும் அங்கே பாறாங்கல் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள்.

இதை வேறு எந்த மாவட்டத்துப் பிள்ளையையும்விட நம் கடப்புறத்துப் பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கடல் கரையைத் தின்னாமல் இருக்கக் கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் சுவரான தூண்டில் வளைவைப் பற்றி அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஓர் ஊருக்கு வளைவு போட்டால் அடுத்த ஊரில் கடல் ஏறுகிறது என்ற சண்டை அவர்கள் வீட்டுத் திண்ணையில் நடப்பது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல்மேடு சேர்ந்து, வள்ளம் கவிழ்ந்து உயிர் போனதை அறிந்த பிள்ளைகள் அவர்கள். சென்னையின் பெருமை என்று ஊரே சொல்கிற கடற்கரையும் ஒரு சுவரால் வந்ததுதான், அதற்கும் வடக்கே யாரோ விலை கொடுத்தார்கள் என்று தெரிந்தால், தங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பெரிய கணக்கில் வைத்துப் பார்க்கும் தைரியம் வரும். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு இன்ஜினியராகி ஒரு துறைமுகத்தின் வரைபடத்தில் கை வைக்கலாம். அப்போது இது ஞாபகம் வரட்டும்.

இதை மணலில் நின்று காட்டுவதைவிட உயரத்திலிருந்து காட்டுவது நல்லது. மெரினாவின் தென்கோடியில் இருக்கிற கலங்கரை விளக்கத்தில் 2013 முதல் பொதுமக்களை ஏறவிடுகிறார்கள். லிஃப்ட் உண்டு. மேலே நின்று வடக்கே பார்த்தால், மணல் அகன்று அகன்று துறைமுகத்தை நோக்கிப் போவது ஒரே பார்வையில் பிடிபடும். முட்டம் விளக்கைப் பார்த்த பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிடட்டும். இந்தக் கலங்கரை விளக்கம் வருவதற்கு முன்னால் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சியில்தான் விளக்கு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: மெரினாவில் குளிக்கத் தடை. நமக்குக் கடல் பழக்கம் என்று நினைக்கிற பிள்ளைகள்தான் முதலில் இறங்குவார்கள். அங்கே இழுப்பு வேறு. கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கலங்கரை விளக்கத்துக்குப் பறக்கும் ரயிலில் வருவது என் விருப்பம். கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் கலங்கரை விளக்கம் என்ற பெயருள்ள ஸ்டேஷனிலேயே இறங்கலாம். டிக்கெட்டைப் பிள்ளைகளே வரிசையில் நின்று எடுக்கட்டும். எந்தப் பிளாட்பாரம் என்று அவர்களே போர்டைப் படித்துக் கண்டுபிடிக்கட்டும். பிளஸ் டூ முடித்து நாளைக்குத் தனியாக இந்த ஊருக்குப் படிக்க வருகிறபோது, இந்த ஒரு டிக்கெட்டின் பழக்கம் கை கொடுக்கும். நான் முதன்முதலில் வந்தபோது பாஷை தெரிந்தும் வாயடைத்து நின்றிருக்கிறேன். நம்மூர்ப் பேச்சைக் கேட்டு "கேரளாவா?" என்று கேட்பார்கள் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கோட்டையை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். 1640-ல் ஆங்கிலேயர் கட்டத் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டையில்தான் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. நம் ஆறு தொகுதி எம்.எல்.ஏ.க்களும் வந்து உட்காருகிற இடம். நம் ஊர்ப் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கையெழுத்தாகிற இடம். சபை கூடுகிற நாளாக இருந்தால், உங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள். 1956-ல் நாம் வந்து சேர்ந்தது இந்த வீட்டுக்குத்தான் என்று அந்த வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே 1680-ல் கட்டிய புனித மேரி தேவாலயமும், அருங்காட்சியகமும் உண்டு. உதயகிரிக் கோட்டையில் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையைப் பார்த்தவர்களுக்கு, ஐரோப்பியர் நம் கரையில் தோற்றும் ஜெயித்தும் எழுதிய சரித்திரத்தின் இன்னொரு பாதி இங்கே கிடைக்கும்.

ஐஸ் ஹவுசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியது. விவேகானந்தர் 1892 டிசம்பரில் நம் பாறையில் தியானம் செய்தார், மேல்நாடு போய்த் திரும்பியதும் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது இந்தக் கட்டடத்தில். இன்று விவேகானந்தர் இல்லம். பாறையைத் தினம் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம்.

இன்னொரு வீடு தியாகராய நகரில், திருமலைப்பிள்ளை சாலையில். காமராசர் வாழ்ந்த வீடு, இப்போது நினைவில்லம். எம்.பி.யாக இருந்த நேசமணி மறைந்தபிறகு 1969-ல் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து நாகர்கோவிலின் எம்.பி. ஆனவர் அவர். 1971-லும் ஜெயித்தார். 1975 அக்டோபர் 2 அன்று அவர் கண்மூடியபோது நம் எம்.பி.யாகத்தான் இருந்தார். அந்த வீட்டின் எளிமையைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அதே தியாகராய நகரில் ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ்.கே.யின் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில் அதைத் திறந்து வைத்ததுதான் அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. நம்மூர்க்காரர் சிலைக்குக் கீழே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டாமா?

நம் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அதனால் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில், சாந்தோம், திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் மூன்றுக்கும் எல்லாரையும் சேர்த்தே கூட்டிப் போங்கள். கிட்டக் கிட்ட இருக்கிற இடங்கள். திருவிதாங்கோட்டுத் தேவாலயத்தை இயேசுவின் சீடர் தோமா கட்டினார் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை சாந்தோமில் அவருடைய கல்லறையைப் பார்க்கும்போது, பக்கத்தில் சுசீந்திரத்துப் பிள்ளையும் தக்கலை தர்காவுக்குப் போகிற பிள்ளையும் நிற்கட்டும்.

இத்தனையையும் இரண்டு நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். அருங்காட்சியகம், கோட்டை, கலங்கரை விளக்கம் இந்த மூன்றும் கட்டாயம். மீதியில் உங்கள் பள்ளிக்கு எது ஒட்டுமோ அதில் இரண்டு. ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் மழை கொட்டும், தை மாசிதான் தோது. எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று போன் செய்து கேட்டுவிட்டு நோட்டீஸ் அடியுங்கள்.

கடைசியாகப் பணம். இந்தப் பட்டியலில் பெரும்பாலான இடங்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. கேளிக்கைப் பூங்கா டிக்கெட் ஒன்றே ஒரு பிள்ளையின் செலவை எவ்வளவு ஏற்றுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிற அப்பாவின் பிள்ளையும், வள்ளம் கடலுக்குப் போகாத மாதத்தில் நோட்டீசை வீட்டில் காட்டாமல் மறைத்து வைக்கிற பிள்ளையும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். யார் யார் பெயர் கொடுக்கவில்லை என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவர்களுக்கான பணத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் யாருக்கும் தெரியாமல் கட்டிவிட வேண்டும். எங்கள் பள்ளிக் கூட்டத்தில் இதை நான் சொல்லப்போகிறேன், என் பங்கையும் தருகிறேன். மற்றப் பள்ளிகளும் வரும் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் எங்கே தங்குவது, எங்கே பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும், எந்த ஸ்டேஷனில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட உதவி தேவைப்பட்டால், எந்தப் பள்ளிக்கும் சனிக்கிழமைகளில் வந்து உட்கார நான் தயார்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து ஒரு பெற்றோர்